ஜாக்கி கூகன் சம்பாதித்த பணம் யாருடையது?

1935 அக்டோபர் 26 அன்று ஹாலிவுட்டின் குழந்தை நட்சத்திரமாக இருந்த ஜாக்கி கூகனுக்கு 21 வயது நிறைந்தது. ஆறு வயதிலேயே உலகம் முழுக்கத் தெரிந்த முகம் அது. நடிப்பில் ஈட்டிய பணம் மட்டும் 30 லட்சத்திலிருந்து 40 லட்சம் டாலர் வரை இருக்கும் என்று அன்றைய மதிப்பீடு. 21 வயதானதும் அது தன் கைக்கு வரும் என்று நம்பியிருந்தார். வரவில்லை. பின்னால் வழக்கு மன்றத்தில் தாயும் மாற்றாந்தந்தையும் எடுத்து வைத்த வாதம், அந்தப் பணம் அவருடையதே அல்ல என்பதுதான். அன்றைய கலிபோர்னியா சட்டப்படி அவர்கள் சொன்னது சரி.

குழந்தை நட்சத்திரங்கள் ஏமாற்றப்பட்ட கதைகள் ஏராளம் உண்டு. கூகனின் வாழ்க்கையைத் தனியாகப் படிக்க வேண்டியதற்குக் காரணம் வேறு. அவர் பணத்தை இழக்க யாரும் சட்டத்தை மீற வேண்டியிருக்கவில்லை. அவர் பெயரால் வந்த சட்டமும் பல பத்தாண்டுகள் அந்த மூலக் கோளாறைத் தொடவே இல்லை. அது ஏன், கடைசியில் எப்படிச் சரி செய்யப்பட்டது என்று புரிந்துகொள்ள அவருடைய தொழில் வாழ்க்கையிலிருந்தே தொடங்க வேண்டும்.

1914இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். தாய், தந்தை இருவருமே வோட்வில் எனப்பட்ட பல்சுவை மேடை நிகழ்ச்சிக் கலைஞர்கள். தந்தை ஆடி முடிக்கும் நேரத்தில் மகனும் மேடையேறி இரண்டு அடி ஆடிவிட்டுப் போவது வழக்கம். 1919இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஆர்ஃபியம் அரங்கில் அதைப் பார்த்தவர் சார்லி சாப்ளின். முதலில் ஒரு குறும்படத்தில் சின்ன வேடம் கொடுத்துப் பார்த்தார். அடுத்து வந்ததுதான் 1921இல் வெளியான 'தி கிட்'.

சாப்ளின் அந்தப் பையனிடம் கண்டுகொண்டது அழகை மட்டுமல்ல, செய்து காட்டியதை அப்படியே திருப்பிச் செய்யும் திறமையையும்தான். சாப்ளின் படமெடுக்கும் முறையில் கதை முன்கூட்டி முழுதாக எழுதப்பட்டிருக்காது. ஒரே அசைவைப் பல முறை எடுத்து, பார்த்து, மாற்றி, மறுபடி எடுப்பார். ஐந்து வயதுக் குழந்தை பொதுவாக மூன்றாவது முறையிலேயே சலித்துவிடும். அசைவும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி வரும். ஜாக்கியோ தோள் குலுக்கலையும் கண் ஓட்டத்தையும் பார்த்தபடியே பிடித்துக்கொண்டு, மறுநாளும் அதே அளவில் கொடுத்தான். அழுகை மட்டும் வரவில்லை. அநாதை இல்லத்து வண்டியில் பையனை ஏற்றிக்கொண்டு போகும் காட்சிக்கு உண்மையான கண்ணீர் வேண்டியிருந்தது. அழாவிட்டால் ஸ்டூடியோவிலிருந்து நிஜமாகவே அநாதை விடுதிக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று தந்தை மிரட்டி அழ வைத்ததைச் சாப்ளினே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கைகளை நீட்டிக் கதறும் அந்த முகத்தில் நாம் பார்ப்பது நடிப்பும் பயமும் கலந்த ஒன்று. அந்தக் காட்சியின் மேன்மையைப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

படம் ஓடியதும் தந்தை மகனின் மேலாளரானார். 1922இல் 'ஆலிவர் ட்விஸ்ட்' வந்தது, நடிகர் லான் சேனியோடு. தொடர்ந்து மெட்ரோ நிறுவனத்துடன் ஒப்பந்தம். கையெழுத்திட்டதற்கான ஊக்கத்தொகையே 5 லட்சம் டாலர் என்று அன்றைய செய்திகள் கூறின. கூகன் பெயரில் தயாரிப்பு நிறுவனம் ஒன்றும் இயங்கியது. பையனின் படத்தைப் போட்டு வேர்க்கடலை வெண்ணெய், பொம்மை, ஊதல், எழுதுதாள், இசைத்தட்டு எல்லாம் விற்றன. ஒரு நடிகனின் முகத்தை வணிகச் சின்னமாக்கி இவ்வளவு பரவலாக விற்ற தொடக்ககால முயற்சிகளில் அதுவும் ஒன்று. 1924இல் ஆர்மீனிய, கிரேக்க அகதிக் குழந்தைகளுக்காக நாடு நாடாகப் போய் 10 லட்சம் டாலருக்கும் மேல் மதிப்புள்ள உணவும் உடையும் சேரக் காரணமாக இருந்தான். அப்போது அவனுக்கு வயது 9. வீட்டில் வாரக் கைச்செலவு 6.25 டாலர்.

அந்த 6.25 டாலரைக் கொடுமைக்கு அடையாளமாகப் பலர் எழுதுகிறார்கள். பெரும் பணத்தைக் குழந்தையின் கையில் கொடுக்காமல் இருப்பதில் தவறில்லை. மீதிப் பணம் எந்தப் பெயரில் எங்கே போனது என்பதுதான் கேள்வி. அதை யாரும் கேட்கவில்லை, கேட்கச் சொல்லிச் சட்டமும் இல்லை.

குழந்தை நடிகரின் சந்தை மதிப்பு உடலோடு கட்டுப்பட்டது. பல் விழுந்தால், குரல் உடைந்தால், கை கால் நீண்டால் மதிப்பு இறங்கும். கூகனின் அடையாளமே காது வரை தொங்கிய வெட்டு முடிதான். 1927இல் அந்த முடியை வெட்டுவதையே ஒரு படமாக எடுத்தார்கள். பேசும் படம் வந்தபின் 1930இல் 'டாம் சாயர்', அடுத்த ஆண்டு 'ஹக்கிள்பெரி ஃபின்' என இரண்டு வாய்ப்புகள் வந்தன. அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒன்றுமில்லை. அவருடைய உச்ச வருமானம் முழுவதும் பன்னிரண்டு வயதுக்கு முன்பே வந்து முடிந்துவிட்டது. பெரியவர்களின் தொழிலில் நாற்பது ஆண்டுகளுக்குப் பரவும் வருமானம் இங்கே ஏழெட்டு ஆண்டுகளில் அடங்கிவிடுகிறது. அதனால்தான் அதைச் சேமிக்கும் முறை வேறாக இருக்க வேண்டும்.

1935 மே மாதம் சான் டியேகோ பக்கத்து மலைப்பாதையில் கார் கவிழ்ந்து தந்தை இறந்தார். நண்பரும் சக நடிகருமான ஜூனியர் டர்கின் உட்பட மொத்தம் நான்கு பேர் பலி. பின்புறத் திறந்த இருக்கையில் இருந்த கூகன் மட்டும் பிழைத்தார். 21 வயதுக்கு இன்னும் ஆறு மாதம்கூட இல்லை. சொத்து தாய் லில்லியனின் கைக்குப் போயிற்று. குடும்பத்தின் நிதி விவகாரங்களைப் பார்த்துவந்த ஆர்தர் பெர்ன்ஸ்டீனை அவர் பிறகு மணந்துகொண்டார்.

கூகன் உடனே வழக்குத் தொடுக்கவில்லை. 1937இல் நடிகை பெட்டி கிரேபிளைத் திருமணம் செய்துகொண்டார். வேலையும் இல்லை, பணமும் இல்லை. உதவி கேட்டுப் போனபோது சாப்ளின் தயங்காமல் 1,000 டாலர் கொடுத்தார். 1938 ஏப்ரலில்தான் தாய் மீதும் மாற்றாந்தந்தை மீதும் லாஸ் ஏஞ்சல்ஸில் வழக்கு பதிவாயிற்று. தோண்டிப் பார்த்தபோது மிச்சமிருந்தது சுமார் 2,50,000 டாலர். ரோமக் கோட்டு, நகை, கார் என்று மற்றதெல்லாம் செலவாகியிருந்தது. 1939இல் சமரசமாகி, செலவுகள் போகக் கூகனின் கைக்கு வந்தது 1,26,000 டாலர்.

ஏன் அவ்வளவுதான்? மைனர் குழந்தையின் உழைப்புக்கும் சம்பாத்தியத்துக்கும் பெற்றோரே உரியவர்கள் என்பது ஆங்கிலப் பொதுச் சட்டத்திலிருந்து வந்த விதி. குழந்தைக்குச் சோறு போட்டு, உடுத்தி, வளர்ப்பது பெற்றோர் கடமை. அதற்கு ஈடாக அதன் கூலி அவர்களுடையது. பண்ணையிலும் பட்டறையிலும் பிள்ளைகள் சில காசு சம்பாதித்த காலத்துக்கு அது ஓரளவு பொருந்தியது. குடும்பம் முழுவதற்கும் பிள்ளையே சோறு போடும் நிலை வரும் என்று அந்த விதியை வகுத்தவர்கள் நினைத்திருக்க முடியாது. ஆகவே 'என் பணத்தைச் செலவழித்துவிட்டார்கள்' என்ற கூகனின் புகாருக்குச் சட்டத்தில் கால் ஊன்ற இடமில்லை.

1939ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் ஓட்டைகளும்

வழக்கு எழுப்பிய கொதிப்பில் கலிபோர்னியா 1939இல் குழந்தை நடிகர் சட்டத்தைக் கொண்டுவந்தது. எல்லோரும் அதைக் கூகன் சட்டம் என்றே அழைக்கிறார்கள். ஆனால் அது செயல்பட்ட விதத்தைப் பார்த்தால், குழந்தைக்குக் கிடைத்ததைவிட ஸ்டூடியோவுக்குக் கிடைத்தது அதிகம் என்றே தோன்றும்.

மைனருடன் போட்ட ஒப்பந்தத்தை அவர் விரும்பினால் முறித்துக்கொள்ளலாம் என்பது பொது விதி. பல லட்சம் போட்டு ஒரு குழந்தையை நட்சத்திரமாக்கும் ஸ்டூடியோவுக்கு இது தீராத தலைவலி. புதிய சட்டம் ஒரு வழி திறந்தது: ஒப்பந்தத்தை உயர் விசாரணை நீதிமன்றத்தில் காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டால், மைனர் அதை முறிக்க முடியாது. ஒப்புதல் தரும்போது, நிகர வருமானத்தில் பாதி வரைக்கும் அறக்கட்டளைக் கணக்கில், அதாவது குழந்தைக்காகவே பாதுகாக்கப்படும் கணக்கில், ஒதுக்கும்படி நீதிபதி நிபந்தனை விதிக்கலாம்.

'லாம்' என்பதில் முதல் ஓட்டை. ஒதுக்கச் சொல்வது நீதிபதியின் விருப்பம். குறைந்தபட்ச அளவு எதுவும் கிடையாது. 'நிகர' என்பதில் இரண்டாவது. வரி, வளர்ப்புச் செலவு, ஏஜென்ட் கமிஷன், வக்கீல் கட்டணம், தொழில் செலவு எல்லாவற்றையும் கழித்த பிறகு வருவதே நிகரம். அந்தக் கழிவுகளைக் கணக்கிடுபவர்களில் பெற்றோரும் ஒருவர். மூன்றாவது ஓட்டைதான் ஆகப் பெரிது: நீதிமன்றத்துக்குப் போகாத ஒப்பந்தத்தை இந்தச் சட்டம் தொடவே தொடாது. ஏழாண்டு ஒப்பந்தம் போட்ட காலத்தில் ஸ்டூடியோக்கள் தங்கள் நலனுக்காகவாவது ஒப்புதல் வாங்கின. அந்த முறை ஒழிந்து, ஒரு படத்துக்கு நாலு வாரம், ஒரு விளம்பரத்துக்கு ஒரு நாள் என்று ஆனபோது யாரும் நீதிமன்றப் படியேறவில்லை. இரண்டு நாள் வேலைக்காகச் சிறுவன் ஒப்பந்தத்தை முறிப்பான் என்று எந்தத் தயாரிப்பாளர் பயப்படுவார்? சட்டம் புத்தகத்தில் இருந்தது, வேலை செய்யும் குழந்தைகளில் பெரும்பாலோர் அதற்கு வெளியே இருந்தார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில், சம்பாத்தியம் பெற்றோருடையது என்ற பழைய விதியும் அசையாமல் கிடந்தது.

விளைவைப் பெயர் சொல்லியே காட்டலாம். ஷெர்லி டெம்பிள் தன் 1988ஆம் ஆண்டுத் தன்வரலாற்றில், 32 லட்சம் டாலர் சம்பாதித்ததில் தனக்கு மிஞ்சியது 44,000 என்று கணக்குச் சொல்லியிருக்கிறார். தொலைக்காட்சியில் புகழ்பெற்ற கேரி கோல்மன், தன் பணத்தைக் கையாண்ட விதத்துக்காக 1989இல் வளர்ப்புப் பெற்றோர் மீதும் முன்னாள் ஆலோசகர் மீதும் வழக்குப் போட்டார். 1993இல் அவருக்கு 12.8 லட்சம் டாலர் தீர்ப்பாயிற்று. தீர்ப்பு வந்தது, ஆனால் குழந்தையாக இருந்தபோதே தடுத்திருக்க வேண்டியதை இருபத்தைந்து வயதில் வக்கீல் வைத்து மீட்க வேண்டியிருந்தது.

கூகன் இந்த நெடிய இடைவெளியை எப்படி வாழ்ந்தார்? 1941 மார்ச்சில், அமெரிக்கா போரில் இறங்குவதற்கு முன்பே, ராணுவத்தில் சேர்ந்தார். விமானம் ஓட்டத் தெரிந்ததால், கிளைடர் எனப்படும் இயந்திரமில்லா விமானங்களின் விமானியாக மாற்றல் கேட்டு வாங்கினார். முதலாவது ஏர் கமாண்டோ படைப்பிரிவோடு இந்தியாவுக்கு வந்தார். 1944 மார்ச் 5 இரவு, அசாமின் லாலாகாட் ஓடுதளத்திலிருந்து கிளம்பிய கிளைடர்கள் பிரிட்டிஷ் தளபதி விங்கேட்டின் சிண்டிட் படையினரைப் பர்மாவில் ஜப்பானியர் அணிக்குப் பின்னால் இறக்கின. ஒரு போக்குவரத்து விமானம் இரண்டு கிளைடர்களை இழுத்துக்கொண்டு இரவில் மலை தாண்ட வேண்டும். கயிறு அறுந்து பல கிளைடர்கள் வழியிலேயே விழுந்தன. இறங்க வேண்டிய இடம் காட்டுக்குள் ஒரு வெட்டவெளி. அந்த நடவடிக்கையில் கிளைடர் ஓட்டியவர்களில் கூகனும் ஒருவர். அவர் வாழ்க்கையில் பணத்தோடும் புகழோடும் சம்பந்தமில்லாத, முழுக்க அவருடையதே ஆன சாதனை இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

போருக்குப் பின் சின்னச் சின்ன வேடங்கள், தொலைக்காட்சி. 1964 முதல் 1966 வரை 'தி ஆடம்ஸ் ஃபேமிலி' தொடரில் மொட்டைத் தலையும் கறுப்பு அங்கியுமாக அங்கிள் ஃபெஸ்டர் வேடம். வாயில் வைத்த மின்விளக்கு எரியும் அந்த மனிதர்தான் சாப்ளினின் சிறுவன் என்று பார்த்தவர்களில் பலருக்குத் தெரியாது. 1984 மார்ச் 1 அன்று, 69 வயதில், இதயம் செயலிழந்து சாண்டா மோனிகாவில் இறந்தார். தன் பெயர் தாங்கிய சட்டம் ஒழுங்காக வேலை செய்ததை அவர் பார்க்கவில்லை.

இன்று பணம் எப்படி நகர்கிறது

1990இல் முன்னாள் குழந்தை நடிகர் பால் பீட்டர்சன் குழந்தைக் கலைஞர்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். அவரும் நடிகர் சங்கமும் பல ஆண்டுகள் அழுத்தம் கொடுத்ததன் பலனாக, 2000 ஜனவரி 1 முதல் கலிபோர்னியாவில் திருத்தப்பட்ட சட்டம் நடைமுறைக்கு வந்தது. அது முதலில் செய்த காரியம், கலைத்துறையில் மைனர் ஈட்டும் பணம் மைனரின் தனிச் சொத்து என்று எழுதியது. இந்த ஒரு வரி 1938இல் இருந்திருந்தால் கூகன் வழக்கில் வாதமே தலைகீழாக இருந்திருக்கும். இரண்டாவது காரியம், பணத்தை ஒதுக்கும் பொறுப்பைப் பெற்றோரிடமிருந்து எடுத்து, சம்பளம் கொடுப்பவரிடம் வைத்தது. நீதிமன்ற ஒப்புதல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது பொருந்தும்.

நடைமுறை இதுதான். ஒப்பந்தம் கையெழுத்தான 7 வேலை நாட்களுக்குள் பெற்றோர் கலிபோர்னியாவில் உள்ள வங்கியிலோ கடன் சங்கத்திலோ கூகன் அறக்கட்டளைக் கணக்கு தொடங்க வேண்டும். சாதாரண சேமிப்புக் கணக்கு செல்லாது; பணம் போடலாம், எடுக்க முடியாது என்று பூட்டப்பட்ட கணக்காக இருக்க வேண்டும். கணக்கு விவரம் அடங்கிய அறங்காவலர் (கணக்கின் பொறுப்பாளர்) அறிக்கையைத் தயாரிப்பாளரிடம் கொடுக்க வேண்டும். அது கிடைத்த 15 வேலை நாட்களுக்குள், மொத்தச் சம்பளத்தில் 15 சதவீதத்தைத் தயாரிப்பாளர் நேரடியாக அதில் செலுத்திவிட வேண்டும். 18 வயதானபின் பிறப்புச் சான்றிதழைக் காட்டி நடிகரே எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன் எடுக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும். கூட்டத்தில் வந்துபோகும் துணை நடிகக் குழந்தைகளுக்கு மட்டும் இந்த ஒதுக்கீடு கட்டாயமில்லை.

15 என்பது 1939ஆம் ஆண்டின் 'பாதி வரை'யைவிடக் குறைவாகத் தெரியலாம். நடைமுறையில் இதுவே பலமானது, ஏனெனில் இது மொத்தத்தில் கணக்கிடப்படுகிறது. 10,000 டாலர் சம்பளம் என்றால் 1,500 நேரே பூட்டிய கணக்குக்குப் போகும். ஏஜென்டுக்கு 10 சதவீதம், 1,000. மேலாளர் இருந்தால் வழக்கமாக 10 முதல் 15 சதவீதம். 15 என்றே வைத்தால் இன்னொரு 1,500. மீதி 6,000. வருமான வரி 10,000 முழுவதற்கும் கணக்கிடப்படும், பூட்டிய 1,500க்கான வரியும் இந்த 6,000இலிருந்தே போகும். முதல் காசோலையைப் பார்த்துப் பெற்றோர் திகைப்பது இங்கேதான். பயணம், புகைப்படம், பயிற்சி எல்லாவற்றையும் மிச்சத்தில் சமாளிக்க வேண்டும். அந்த மிச்சமும் குழந்தையின் சொத்துதான் என்பதைப் பல குடும்பங்கள் கவனிப்பதில்லை. 15 சதவீதம் போட்டாயிற்று, 85 நம்முடையது என்ற எண்ணம் சட்டப்படி தவறு. ஆனால் அந்த 85இன் செலவை வெளியார் யாரும் தணிக்கை செய்வதில்லை; இன்றைய சட்டத்தின் பலவீனம் இதுவே.

தவறு நேரும் இன்னொரு இடம் காகிதம். அறங்காவலர் அறிக்கை வராவிட்டால் தயாரிப்பாளர் பணத்தைத் தானே வைத்துக்கொள்ள முடியாது. வேலை தொடங்கி 180 நாட்கள் கடந்தும் அறிக்கை இல்லையென்றால், அந்த 15 சதவீதம் நடிகர் நலநிதிக்கு அனுப்பப்பட்டு, குழந்தையின் பெயரில் அங்கே காத்திருக்கும். சம்பளப் பட்டியலில் மேடைப் பெயரும் வங்கியில் பிறப்புப் பெயரும் இருப்பது, வீடு மாறுவது, ஒரே நாள் விளம்பரத்துக்காகக் கணக்கு எதற்கு என்று விட்டுவிடுவது ஆகியவற்றால் இப்படித் தேங்கும் தொகைகள் ஏராளம்.

படப்பிடிப்புத் தளத்திலும் காவல் கூடியிருக்கிறது. கலிபோர்னியாவில் வேலை அனுமதிச் சீட்டு 6 மாதத்துக்கே செல்லும். 6 முதல் 9 வயதுக் குழந்தை தளத்தில் 8 மணி நேரம் இருக்கலாம், அதில் வேலை 4 மணி நேரம், படிப்பு 3, ஓய்வு 1. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தையை ஒரு நாளில் 20 நிமிடத்துக்கு மேல் படமெடுக்கக் கூடாது, பலத்த ஒளியில் ஒரு தடவைக்கு 30 விநாடிதான். தளத்தில் இருக்கும் ஸ்டூடியோ டீச்சர் பாடம் நடத்துவதோடு குழந்தையின் நலனுக்கும் பொறுப்பு. நிலைமை சரியில்லை என்று பட்டால் குழந்தையை அங்கிருந்து அழைத்துப்போகும் அதிகாரம் அவருக்கு உண்டு. மிரட்டி அழ வைப்பதை இன்று அவர் முன்னால் செய்ய முடியாது.

நியூயார்க், லூசியானா, நியூ மெக்சிகோ, இல்லினாய் மாநிலங்களிலும் இதுபோன்ற ஒதுக்கீடு உண்டு. எல்லா மாநிலங்களிலும் இல்லை. படப்பிடிப்பு எங்கே நடக்கிறது என்பதைப் பொறுத்துக் குழந்தையின் பாதுகாப்பு மாறுகிறது.

இப்போது சிக்கல் வீட்டுக்குள்ளேயே வந்திருக்கிறது. பிள்ளைகளை வைத்துப் பெற்றோர் காணொளி எடுத்து இணையத்தில் சம்பாதிக்கும்போது தயாரிப்பாளரும் அவர்களே, மேலாளரும் அவர்களே. பணத்தைப் பிடித்து வைக்க வெளியாள் யாரும் இல்லை. 2024 ஜூலையில் இல்லினாயும், 2025 ஜனவரியில் கலிபோர்னியாவும் இதற்குச் சட்டம் நடைமுறைப்படுத்தின. வருமானம் தரும் காணொளிகளில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் குழந்தை இடம்பெற்றால் அதற்கேற்ற பங்கை அறக்கட்டளைக் கணக்கில் போட வேண்டும். கலிபோர்னியாவில் அந்த அளவு 30 சதவீதம். எத்தனை நிமிடம் குழந்தை தோன்றியது என்ற பதிவேட்டையும் பெற்றோரே வைத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு பொய்யாக இருந்தால், வழக்குப் போட வேண்டியவர் அந்தக் குழந்தையேதான்.